ஒரு பொறியில் ஆக்கி வேறொரு பொறியில் இயக்குதல்

நெல்லை வயலில் நேராக விதைப்பதும் உண்டு. நாற்றங்காலில் விட்டு, உரிய பருவத்தில் பிடுங்கி நடுவதும் உண்டு. நாற்றங்காலில் நீரும் எருவும் காவலும் எளிதில் அமையும். ஆயினும் பயிர் நின்று விளைய வேண்டிய இடம் நாற்றங்கால் அன்று, நடவு வயலே. ஆகையால் அனுபவமுள்ள உழவர், நாற்று விடும்போதே நடவு வயலின் மண்ணையும் நீர்வசதியையும் மனத்திற்கொண்டு விதையைத் தெரிந்தெடுக்கிறார்.

கணிப்பொறித் துறையிலும் இதனையொத்த ஒரு முறை உண்டு. வசதி மிகுந்த ஒரு கணிப்பொறியில் ஒரு நிரல் ஆக்கப்படுகிறது. ஆனால் அந்நிரல் அங்கே இயங்குவதற்கன்று. முற்றிலும் வேறு வகையான செயலியைக் கொண்ட மற்றொரு பொறியில் இயங்குவதற்காகவே அது ஆக்கப்படுகிறது. இம்முறையைத் தொழில் வழக்கில் கிராஸ்-கம்பைலிங் என்பர். இக்கட்டுரையில் அது அயற்பெயர்ப்பு என்னும் சொல்லால் குறிக்கப்படும். தனி நிரல் ஒன்றை மட்டுமன்றி, கணிப்பொறியின் எல்லா வேலைகளையும் மேற்பார்க்கும் இயக்க அமைப்பு முழுவதையுமே இவ்வாறு ஆக்கலாம். அதற்கு நம் நாட்டிலேயே தக்கதோர் உதாரணம் உண்டு.

பெங்களூரில் உருவான கருவி

1998 ஆம் ஆண்டு பெங்களூரில், வளரும் நாடுகளுக்குத் தகவல் தொழில்நுட்பம் எவ்வாறு பயன்படும் என்பது பற்றி ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. சாதாரண மக்கள் கையாளத்தக்க மலிவான கணிப்பொறி ஒன்று வேண்டும் என்னும் எண்ணம் அதனையொட்டி வலுப்பெற்றது. இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களான விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும், அந்நகரிலுள்ள என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் இம்முயற்சியில் ஒன்று சேர்ந்தனர். 1999 இல் சிம்ப்யூட்டர் அறநிலையம் தோன்றியது. 2001 ஏப்ரலில் கருவியின் முன்மாதிரி வெளியிடப்பட்டது.

எளியது, மலிவானது, பல மொழிகளில் இயங்குவது என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களைக் கணிப்பொறியின் ஆங்கிலப் பெயரோடு சேர்த்துச் சிம்ப்யூட்டர் என்னும் பெயர் அமைக்கப்பட்டது. அது உள்ளங்கையில் அடங்கும் கருவி. அதற்கு விசைப்பலகை இல்லை; திரையைத் தொட்டே கட்டளையிட வேண்டும். எழுத்தறியாதோரும் பயன்பெறும் பொருட்டு, எழுத்தை ஒலியாக மாற்றிப் படித்துக் காட்டும் வசதியும் அதற்கெனச் செய்யப்பட்டது. ஒரே கருவியைக் கிராமத்தார் பலர் பகிர்ந்து கொள்ளும் வண்ணம், ஒவ்வொருவரும் தம் விவரங்களைத் தனித்தனி ஸ்மார்ட் கார்டில் வைத்துக் கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. விலை சுமார் 9,000 ரூபாயாக இருக்க வேண்டும் என்பது குறிக்கோள்.

இக்கருவியின் இயக்க அமைப்பு லினக்ஸ் ஆகும். லினக்ஸை ஃபின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் முதன்முதலாக எழுதியது இண்டெல் 386 என்னும் செயலிக்காக. சிம்ப்யூட்டரில் இருந்ததோ ஸ்ட்ராங்ஆர்ம் எஸ்ஏ-1110 என்னும் வேறு இனச் செயலி. ஒரு செயலிக்கென எழுதப்பட்ட அமைப்பு மற்றொரு செயலியில் எவ்வாறு இடம் பெயர்ந்தது என்பதே இங்கு ஆராய வேண்டிய பொருள்.

செயலியும் அதன் மொழியும்

கணிப்பொறியில் கணக்கிடும் உறுப்பு செயலி எனப்படும். அது எண்களாலான கட்டளைகளை மட்டுமே அறியும். கூட்டு என்பதற்கு ஓர் எண், நினைவகத்திலிருந்து எடு என்பதற்கு வேறோர் எண் என அக்கட்டளைகள் அமைந்துள்ளன. இவற்றின் தொகுதியே அச்செயலியின் பொறிமொழியாகும்.

பொறிமொழி எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானதன்று. இண்டெல் 386 இனத்தில் ஒரு கட்டளை ஒரு பைட் முதல் 15 பைட் வரை பல நீளங்களில் அமையும். ஸ்ட்ராங்ஆர்ம் செயலியில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக 4 பைட் நீளமுடையது. முன்னதில் பொதுக் கணக்கிற்குரிய பதிவகங்கள் 8. பின்னதில் ஒரே சமயத்தில் கைக்கொள்ளத்தக்கவை 16. எனவே ஒன்றுக்குரிய பொறிமொழியை மற்றொன்றில் ஏற்றினால் அது பொருளற்ற எண் குவியலாகவே முடியும்.

மனிதர் நிரல் எழுதுவது பொறிமொழியில் அன்று. சி முதலிய உயர்நிலை மொழிகளில் எழுதுகின்றனர். அவ்வாறு எழுதப்பட்டது மூலநிரல் எனப்படும். மூலநிரலைப் பொறிமொழியாக மாற்றித் தரும் நிரல் ஒன்று உண்டு. அதனைக் கம்பைலர் என்றும் நிரல்பெயர்ப்பி என்றும் கூறுவர். சாதாரணமாக நிரல்பெயர்ப்பி தான் இயங்கும் செயலியின் மொழியிலேயே பொறிநிரலை வெளியிடும். தான் ஒரு செயலியில் இயங்கிக்கொண்டு, வேறொரு செயலியின் மொழியில் பொறிநிரலை வெளியிடுமாயின் அது அயற்பெயர்ப்பி ஆகும்.

இது புதிய முறையன்று. 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பைத் தொடங்கியபோது, அவரிடமிருந்த பிடிபி-7 பொறியில் நிரல் ஆக்குவதற்கு வேண்டிய கருவிகள் இல்லை. ஆகவே வேறொரு பெரிய பொறியில் பொறிநிரலை ஆக்கி, காகித நாடாவில் துளையிட்டு, அந்நாடாவைக் கையில் எடுத்துச் சென்று பிடிபி-7 இல் ஏற்றினார். காகித நாடாவின் இடத்தில் இன்று கம்பி இணைப்பும் நினைவட்டையும் வந்துள்ளன. முறை மட்டும் அதுவே. பின்னர் 1973 இல் யூனிக்ஸின் கெர்னல் சி மொழியில் திரும்ப எழுதப்பட்டது. ஒரே மூலநிரலைப் பல செயலிகளுக்குப் பெயர்க்கும் வழி அதனால் திறந்தது.

அயற்பெயர்ப்பு ஏன் வேண்டும்

சிம்ப்யூட்டரிலேயே நிரல்பெயர்ப்பியை இயக்கி, அங்கேயே லினக்ஸை ஆக்கலாகாதா என்னும் ஐயம் எழலாம். அக்கருவியின் அளவுகளை நோக்கினால் விடை விளங்கும். அதன் செயலி 206 மெகாஹெர்ட்ஸ் கடிகார வேகத்தில் இயங்கியது. முதல் வடிவங்களில் நினைவகம் 32 மெகாபைட், நிலையான சேமிப்பாகிய ஃபிளாஷ் அதற்கு மேற்படாதது, வன்தட்டு இல்லை. லினக்ஸ் கெர்னலின் மூலநிரலோ, விரித்து வைத்தால் அக்காலத்திலேயே 100 மெகாபைட்டுக்கு மேற்பட்ட இடத்தை வேண்டியது. பெயர்ப்பு நடக்கும்போது தோன்றும் இடைக்கோப்புகளுக்கு மேலும் இடம் வேண்டும். கையடக்கக் கருவிக்குள் இவை நுழையவே இடமில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் அடிப்படையானது. புதிதாகச் செய்யப்பட்ட கருவி, முதல் நாளன்று எதனையும் இயக்க அறியாதது. அதில் இயக்க அமைப்பு இல்லை. ஆகையால் நிரல்பெயர்ப்பியும் இயங்க முடியாது. அதன் முதல் நிரல் வெளியிலிருந்தே வந்தாக வேண்டும். எனவே புதிய செயலி ஒவ்வொன்றும் தன் முதல் நிரலை அயற்பெயர்ப்பின் வழியாகவே பெறுகிறது.

சிம்ப்யூட்டரைச் செய்தோருக்கு இவ்வகையில் ஒரு பெரிய அனுகூலம் இருந்தது. ஆர்ம் இனச் செயலிகளுக்கு லினக்ஸை இடம் பெயர்க்கும் பணியை இங்கிலாந்தில் ரஸல் கிங் என்பார் 1994 இலேயே தொடங்கியிருந்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987 இல் வெளியிட்ட ஜிசிசி என்னும் நிரல்பெயர்ப்பி, பல செயலிகளுக்குப் பொறிநிரல் தரும் வண்ணம் வளர்ந்திருந்தது. இவ்விரண்டும் மூலநிரலோடு யாவருக்கும் வழங்கப்பட்டவை. மூலநிரல் கையில் இல்லாத இயக்க அமைப்பை வாங்கியவர், விற்றவர் பெயர்த்துத் தரும் செயலியோடு அமைய வேண்டியவரே. மூலநிரல் கையில் உள்ளவரோ தாம் தெரிந்தெடுத்த செயலிக்குத் தாமே பெயர்த்துக் கொள்ளலாம்.

வேலை நடைபெறும் வரிசை

ஓர் இயக்க அமைப்பை அயற்பெயர்ப்புச் செய்வது ஐந்து படிகளில் நிகழ்வதாகக் கொள்ளலாம். ஆக்கும் இடமாகிய மேசைக் கணிப்பொறியை ஆக்கும் பொறி என்றும், இயங்க வேண்டிய கருவியை இலக்குப் பொறி என்றும் இங்கே குறிப்பிடுவோம்.

முதலாவது, அடிப்படைக் கருவிகளைச் செய்து கொள்ளுதல். இலக்குப் பொறியின் கட்டளைகளை எண்களாக்கும் அசெம்ப்ளரும், பல துண்டுகளை ஒரே கோப்பாகச் சேர்க்கும் இணைப்பியும் இவற்றில் முக்கியமானவை. ஆக்கும் பொறிக்கென ஏற்கெனவே உள்ள கருவிகளோடு கலந்துவிடாதிருக்க, புதிய கருவிகளின் பெயருக்கு முன்னால் இலக்கின் பெயர் சேர்க்கப்படும். வெறும் ஜிசிசி என்றால் உள்ளூர்ப் பெயர்ப்பி. ஆர்ம்-லினக்ஸ்-ஜிசிசி என்றால் ஆர்ம் செயலிக்குரிய அயற்பெயர்ப்பி.

இரண்டாவது, நிரல்பெயர்ப்பியையும் நூலகத்தையும் ஆக்குதல். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சி மொழி நிரல்கள் யாவும் பொதுவாக எடுத்தாளும் துணைநிரல்களின் தொகுதி சி நூலகம் எனப்படும். அந்நூலகத்தை இலக்குப் பொறிக்கு ஆக்க நிரல்பெயர்ப்பி வேண்டும். நிரல்பெயர்ப்பி முழுமை பெறவோ நூலகம் வேண்டும். கொல்லுப்பட்டறையில் நல்ல சுத்தியல் அடிக்கச் சுத்தியல் ஒன்று வேண்டியிருப்பதைப் போன்றதே இது. கொல்லர் இருப்பதைக் கொண்டு ஒரு முரட்டுச் சுத்தியல் செய்து, அதனைக் கொண்டு நல்லதை அடித்துக் கொள்வார். அவ்வாறே நூலகம் வேண்டாத குறைந்த திறனுடைய பெயர்ப்பி ஒன்று முதலில் ஆக்கப்படுகிறது. அதனால் நூலகம் ஆக்கப்படுகிறது. பின்னர் அந்நூலகத்தின் துணையால் முழுப் பெயர்ப்பி ஆக்கப்படுகிறது.

மூன்றாவது, இயக்க அமைப்பின் கருவாகிய கெர்னலைப் பெயர்த்தல். லினக்ஸின் மூலநிரலில் பெரும்பகுதி எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானது. செயலிக்குச் செயலி மாறும் பகுதிகள் தனி அடைவுகளில் பிரித்து வைக்கப்பட்டுள்ளன. இலக்குச் செயலியின் இனம் யாது, கருவிகளின் முன்னொட்டுப் பெயர் யாது என்னும் இரண்டையும் முதலில் தெரிவித்தல் வேண்டும். அதன்பின் திரை, தொடுவசதி, அட்டை படிக்கும் உறுப்பு முதலியவற்றுள் கருவியில் உண்மையாக உள்ளவற்றிற்கு வேண்டிய பகுதிகளை மட்டும் தெரிந்தெடுக்க வேண்டும். வேண்டாதவற்றை விலக்கினாலன்றிச் சிறு நினைவகத்தில் கெர்னல் அடங்காது.

நான்காவது, மூலக் கோப்புத் தொகுதியை அமைத்தல். கெர்னல் மட்டும் இருந்து பயனில்லை. பயனாளர் உபயோகிக்கும் நிரல்களும் நூலகங்களும் வேண்டும். இவையும் இலக்கின் மொழியில் பெயர்க்கப்பட வேண்டியவையே. இடச் சிக்கனத்திற்காகப் பல சிறு கட்டளைகளை ஒரே கோப்பில் அடக்கிய பிஸிபாக்ஸ் போன்ற நிரல்கள் சிறு கருவிகளில் பெரிதும் பயன்படுகின்றன.

ஐந்தாவது, கருவியில் ஏற்றுதல். மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்து, கெர்னலை நினைவகத்தில் ஏற்றி, அதனிடம் பொறுப்பை ஒப்படைக்கும் சிறு நிரல் ஒன்று ஃபிளாஷில் இருக்கும். தொடக்க நிலையில் கருவியின் திரை வேலை செய்யாது. ஆகையால் தொடர்வரிசைக் கம்பியின் வழியாக இலக்கு அனுப்பும் எழுத்துக்களை ஆக்கும் பொறியின் திரையில் கண்டே வேலை செய்வர். ஒரு வரியும் வாராமல் நின்றால் பிழை எங்கே என்று தேடுவது கடினம். முதல் வரி தோன்றிவிட்டால், செயலி நம் பொறிநிரலைப் புரிந்து கொண்டது என்பது உறுதியாகும்.

பிழை நுழையும் வாயில்கள்

ஆக்கும் பொறியில் பிழைச்செய்தி எதுவுமின்றிப் பெயர்ப்பு முடிந்தது என்பதனால், இலக்கில் நிரல் சரியாக நடக்கும் என்று கொள்ளலாகாது. இரு செயலிகளின் வழக்கங்களும் சில நுட்பமான இடங்களில் மாறுபடுகின்றன. அவற்றுள் நான்கு கவனிக்கத்தக்கவை.

முதலாவது, எழுத்துக் குறியெண். இந்திய எழுத்துக்களுக்கென 1991 இல் இந்தியத் தர நிர்ணயமாக வகுக்கப்பட்ட இஸ்கி முறையில் ககரத்தின் குறியெண் 179. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை வைக்கலாம். ஆனால் குறை எண்களையும் அதே பைட்டில் அடக்க விரும்பினால் −128 முதல் 127 வரை எனக் கொள்ள வேண்டும். அப்போது 179 என்பது −77 ஆகத் தோன்றும். சி மொழி இவ்விரண்டில் எதனையும் கட்டாயமாக்கவில்லை. இண்டெல் இனத்தில் எழுத்துப் பைட்டைக் குறை எண்ணுக்கும் இடமளிப்பதாகக் கொள்வது வழக்கம்; ஆர்ம் இன லினக்ஸில் குறை எண் இல்லாததாகக் கொள்வது வழக்கம். மேசைப் பொறியில் பழகிய நிரலர் ஒருவர், "குறியெண் பூச்சியத்தினும் குறைவாயின் அது இந்திய எழுத்து, இன்றேல் ஆங்கில எழுத்து" என்று விதி எழுதினார் எனக் கொள்வோம். மேசைப் பொறியில் அது பிழையின்றி நடக்கும். ஆர்ம் செயலியிலோ எந்தக் குறியெண்ணும் பூச்சியத்தினும் குறையாது. ஆகவே எல்லா இந்திய எழுத்துக்களும் ஆங்கில எழுத்தாகவே கருதப்படும். மூலநிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆயினும் கருவி தமிழையும் கன்னடத்தையும் அறியாததாகிவிட்டது.

இரண்டாவது, பைட் வரிசை. 1,947 என்னும் எண் ஒரு பைட்டில் அடங்காது. அதனை 7 × 256 + 155 எனப் பிரித்து, 7, 155 என இரு பைட்டுகளாக வைக்க வேண்டும். சில செயலிகள் பெரிய பகுதியாகிய 7 ஐ முன்னால் வைக்கும். சில சிறிய பகுதியாகிய 155 ஐ முன்னால் வைக்கும். ஒரு வகைப் பொறி எழுதியதை மறு வகைப் பொறி படித்தால், 155 × 256 + 7 = 39,687 என்று காணும். இண்டெல் இனமும், ஆர்ம் செயலியில் வழக்கமாக இயங்கும் லினக்ஸும் ஒரே வரிசையைப் பின்பற்றுவதால் இவ்விரண்டிற்கும் இடையே இத்தொல்லை எழுவதில்லை. வேறினச் செயலியோடு கோப்பையோ அட்டையையோ பரிமாறும்போதுதான் இது தலைகாட்டும். எனவே வெளியே செல்லும் எண்களுக்கு வரிசை இன்னது என முன்கூட்டியே விதித்துவிடுவது முறை.

மூன்றாவது, இட ஒழுங்கு. 4 பைட் நீளமுள்ள எண்ணை நினைவகத்தின் எந்த இடத்திலிருந்தும் எடுக்க இண்டெல் செயலி இடங்கொடுக்கும். ஸ்ட்ராங்ஆர்ம் செயலியில் அது நான்கின் மடங்காகிய இடத்தில் தொடங்க வேண்டும். தவறினால் பைட்டுகள் இடம் மாறி வேறோர் எண் கிடைக்கும். அல்லது இயக்க அமைப்பு இடைமறித்துத் திருத்தும், அதனால் வேகம் குன்றும்.

நான்காவது, பின்னக் கணக்கு. எஸ்ஏ-1110 செயலியில் பின்ன எண்களைக் கணக்கிடும் தனி உறுப்பு இல்லை. முழு எண் கட்டளைகள் பலவற்றை அடுக்கியே பின்னக் கணக்கைச் செய்ய வேண்டும். அதனால் வேலை பன்மடங்கு மெதுவாகும். பணக் கணக்கை ரூபாயின் பின்னமாக வையாமல் பைசாவாக, முழு எண்ணாக வைத்தால் வேகமும் கிடைக்கும், பைசாவும் பிசகாது.

இவற்றோடு மற்றொரு பொதுவான தவறும் உண்டு. பல மூலநிரல்கள் பெயர்ப்புக்கு முன் ஒரு சிறு சோதனை நிரலை இயக்கி, பொறியின் இயல்புகளை அறிந்து கொள்ளும். அயற்பெயர்ப்பில் அச்சோதனை ஆக்கும் பொறியிலேயே நடந்துவிட்டால், நாற்றங்காலின் மண்ணைச் சோதித்து நடவு வயலுக்கு எருவிடுவது போலாகும். விடை உண்மையானதே; ஆனால் வேண்டிய வயலைப் பற்றியதன்று.

கருவியிலேயே சோதித்தல்

மேற்கூறிய பிழைகளின் கேடு யாரைத் தாக்கும் என்பதையும் எண்ணுதல் வேண்டும். மேசையின் முன் அமர்ந்த நிரலர் 39,687 என்னும் எண்ணைக் கண்டால் உடனே ஐயுறுவார். எழுத்தறியாத ஒருவர் தம் அட்டையைக் கருவியில் செருகி, அது வாய்விட்டுக் கூறும் தொகையைக் கேட்கிறார். அவருக்குக் கருவி கூறுவதே கணக்கு. அதனைச் சரிபார்க்க அவரிடம் வேறு வழியில்லை. எளியோருக்கெனச் செய்யப்படும் கருவியில் சோதனை குறைந்தால், பிழையின் பாரம் அதனைக் கண்டுபிடிக்க இயலாதவர் மீதே விழுகிறது.

ஆதலால் அயற்பெயர்ப்பில் ஆக்குவது பாதி வேலை; இலக்குப் பொறியில் சோதிப்பது மறுபாதி. இருநூறு சொற்களைத் தமிழிலும் கன்னடத்திலும் காட்டச் செய்தல், கணக்கு விடை தெரிந்த தொகைகளைக் கூட்டச் செய்தல், எல்லை எண்களாகிய 127, 128, 255, 256 ஆகியவற்றை இட்டுப் பார்த்தல் முதலிய சோதனைகளைக் கருவியிலேயே செய்தல் வேண்டும். 2003 இல் ஃபாப்ரீஸ் பெலார்ட் வெளியிட்ட கியூஎமு போன்ற நிரல்கள், வேறொரு செயலியைப் போல மேசைக் கணிப்பொறியையே நடிக்கச் செய்கின்றன. முதற்கட்டச் சோதனைக்கு இவை மிக்க உதவியாகும். ஆயினும் திரையின் தொடுவசதி, மின்கலம், வெயிலில் கருவியின் நிலை ஆகியவற்றை நடிப்புப் பொறி காட்டாது. களத்தில் செய்யும் சோதனைக்கு அது ஈடாகாது.

செயலி மறைந்தாலும் நிரல் நிலைத்தல்

2004 இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அமிடா என்னும் பெயருடைய சிம்ப்யூட்டரைப் பெங்களூரிலிருந்து வெளியிட்டது. எனினும் எதிர்பார்த்த அளவில் அக்கருவி பரவவில்லை. விலை குறிக்கோளை விட உயர்ந்தது. சில ஆண்டுகளில் கைத்தொலைபேசிகள் மலிந்து, அதன் வேலைகள் பலவற்றைத் தாமே ஏற்றுக் கொண்டன. அதன் செயலியும் நிலைக்கவில்லை. இண்டெல் நிறுவனம் ஸ்ட்ராங்ஆர்ம் வரிசையை விடுத்து எக்ஸ்ஸ்கேல் வரிசைக்கு மாறி, 2006 இல் அதனையும் மார்வெல் நிறுவனத்திற்கு விற்றது.

இதிலிருந்து அறியத்தக்கது யாதெனில், செயலியின் ஆயுள் சில ஆண்டுகள். ஒழுங்காக எழுதப்பட்ட மூலநிரலின் ஆயுள் அதனினும் நெடியது. ஒரே செயலியின் வழக்கங்களை நம்பி எழுதிய நிரல் அச்செயலியோடு மறையும். செயலிக்குரிய பகுதிகளைத் தனியே பிரித்து, பிறவற்றைப் பொதுவாக எழுதிய நிரல், புதிய செயலி வந்தபோது திரும்பப் பெயர்க்கப்பட்டு வாழும்.

இப்பாடம் இன்று நம் நாட்டிற்கு மிகவும் வேண்டியது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010 இல் தொடங்கிய ரிஸ்க்-5 என்னும் கட்டளைத் தொகுதி, உரிமக் கட்டணமின்றி யாவரும் கையாளத்தக்கது. அதனைத் தழுவிச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் சக்தி என்னும் செயலிக் குடும்பம் வடிவமைக்கப்பட்டது. 2018 இல் இண்டெல் நிறுவனத்தின் ஆலையில் உருவான சக்தி செயலியில் லினக்ஸ் இயங்கியது. அதே ஆண்டில் சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரசின் குறைகடத்தி ஆய்வுக்கூடத்திலும் சக்தி செயலி செய்யப்பட்டது. புதிய செயலி தோன்றியவுடன் அதில் ஓர் இயக்க அமைப்பு முழுவதும் இயங்க முடிந்ததற்குக் காரணம், மேலே கண்ட முறையில் வேறு பொறிகளில் ஆக்கி ஏற்றும் வழியும், பெயர்ப்பதற்குத் தக்கவாறு எழுதப்பட்ட மூலநிரலும் முன்னரே இருந்தமையே. அவ்வாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த லினக்ஸ் கெர்னலில் ரிஸ்க்-5 இனத்திற்குரிய பகுதியும் இடம் பெற்றிருந்தது.

வகுப்பில் செய்து காட்டத்தக்கவை

விலை மிகுந்த கருவிகள் இன்றியே ஆசிரியர்கள் இப்பாடத்தை விளக்கலாம்.

பைட் வரிசையை விளக்க இரண்டு அட்டைகள் போதும். ஒன்றில் 7 என்றும், மற்றொன்றில் 155 என்றும் எழுதி இரு மாணவரிடம் கொடுக்க வேண்டும். இடப்புறம் நிற்பவரின் எண்ணை 256 ஆல் பெருக்கி, வலப்புறத்தவரின் எண்ணைக் கூட்டுமாறு வகுப்பினரைக் கேட்க வேண்டும். பின்னர் இருவரையும் இடம் மாறி நிற்கச் செய்து திரும்பக் கணக்கிடச் செய்யலாம். அட்டைகள் மாறவில்லை, படிக்கும் முறை மாறியதால் தொகை மாறிற்று என்பதை மாணவர் தாமே உணர்வர்.

லினக்ஸ் இயங்கும் மேசைக் கணிப்பொறி ஒன்று கிடைக்குமாயின், பெயரை மட்டும் அச்சிடும் சிறு சி நிரலை எழுதி, உள்ளூர்ப் பெயர்ப்பியாலும் ஆர்ம் அயற்பெயர்ப்பியாலும் இரு முறை பெயர்க்கலாம். இரு பொறிநிரல் கோப்புகளின் முதல் நான்கு பைட்டுகளும் ஒன்றாகவே இருக்கும்: 127 என்னும் எண்ணும், இ, எல், எஃப் என்னும் ஆங்கில எழுத்துக்களும். இது எல்ஃப் என்னும் கோப்பு அமைப்பின் அடையாளம். 19, 20 ஆம் பைட்டுகளில் செயலி இனத்தின் எண் இருக்கும். இண்டெல் 386 க்கு 3, ஆர்முக்கு 40, இன்றைய 64 பிட் மேசைக் கணிப்பொறிக்கு 62, ரிஸ்க்-5 க்கு 243. கோப்பு எந்தச் செயலிக்கு உரியது என்பதை அதன் நெற்றியிலேயே படித்துவிடலாம் என்பது மாணவருக்கு வியப்பையும் தெளிவையும் தரும். ஆர்ம் கோப்பை நேராக இயக்க முயன்றால் கணிப்பொறி மறுக்கும். கியூஎமுவின் வழியாக இயக்கினால் ஏற்கும்.

களப்பணியாளர் இதிலிருந்து கொள்ளத்தக்க குறிப்பும் ஒன்று உண்டு. கையடக்கக் கருவி தவறான எழுத்தையோ தொகையையோ காட்டினால், "இது அலுவலகக் கணிப்பொறியில் சரியாக நடக்கிறது" என்னும் விடையோடு அமைதல் கூடாது. கருவியின் மாதிரிப் பெயர், நிரலின் பதிப்பு எண், இட்ட எண், கிடைத்த எண் ஆகிய நான்கையும் அப்படியே குறித்து அனுப்புதல் வேண்டும். 500 இட்டால் 62,465 வருகிறது என்று ஒரு வரி எழுதினாலே, பைட் வரிசை மாறியிருக்கிறது என்பதை ஆக்குவோர் ஊகித்துக் கொள்வர். பெங்களூரிலோ சென்னையிலோ இருந்து நிரலை ஆக்குவோருக்கு, நடவு வயலைப் பற்றிய செய்தி களத்தில் நிற்பவரிடமிருந்தே கிடைக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு செயலிக்குரிய பொறிநிரல் வேறோர் இனச் செயலியில் இயங்காமைக்குக் காரணம் யாது?

2. நிரல்பெயர்ப்பிக்கும் அயற்பெயர்ப்பிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

3. 500 என்னும் எண்ணை இரு பைட்டுகளாகப் பிரித்து எழுதுக. வரிசை மாறினால் 62,465 வருவதைக் கணக்கிட்டுக் காட்டுக.

4. ககரத்தின் இஸ்கி குறியெண் 179. குறை எண்ணுக்கு இடமளிக்கும் பைட்டில் அது −77 ஆவது எவ்வாறு?

5. புதிதாக வடிவமைக்கப்பட்ட செயலி தன் முதல் நிரலை வெளியிலிருந்தே பெற வேண்டியிருப்பது ஏன்?